முசேவுக்கு என்ன வயசு?

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் கோவிந்தசாமி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு விருட்டென்று எழுந்து போனதோடு நிறுத்தியிருந்தோம். மனுஷன் பட்டினியாகப் படுத்தாரோ என்று கவலைப்பட்டவர்களுக்கு முதலில் ஒரு செய்தி. அந்தக் கோபம் கொல்லைக் குழாயடி வரைக்கும்தான் தாக்குப்பிடித்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, வஞ்சிரக் குழம்புக்கு இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் படுத்தார்.

சண்டை எதற்கு என்பது நினைவிருக்கும். கோவிந்தசாமிக்குக் குடலிறக்கம். அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்த வீக்கம் இப்போது சாத்துக்குடியாக வளர்ந்திருக்கிறது. இருமல் வந்தால் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருமுகிறார். இப்படியே விட்டால் ஒரு நாள் குடல் சிக்கிக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்று டாக்டர் எச்சரித்து, வரும் வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருக்கிறார். மருமகள் சுமலதா, நேரு வீதி மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்கு நடுவில் ஆஸ்பத்திரிக்கு அலையாய் அலைந்து வாங்கிய நாள் அது.

மாமனார் மாட்டேன் என்கிறார். அதற்கு அவர் கூப்பிடும் சாட்சிதான் வேடிக்கை. சாட்சிக்கு நாலு கால், ஒரு வால்.

"எனக்கு எழுவது. முசேவுக்குத் தொண்ணூத்தெட்டு. அவரு என்னிக்காவது ஆஸ்பத்திரி வாசப்படிய மிதிச்சிருக்காரா? ஊசிகூடத் தெருமுனைக்கு வந்து போட்டுட்டுப் போவானுங்க. இன்னிக்கும் பூனையத் தொரத்திக்கினு காம்பவுண்டு வரைக்கும் ஓடுறாரு. அவரப் பாருங்க, அப்பறம் என்னப் பாருங்க. அவருக்கு என்னிக்கிக் கத்தி வெக்கிறாங்களோ, அன்னிக்கி எனக்கும் வைங்க. போங்க."

போன வாரம் தட்டைத் தள்ளுவதற்கு முன்னால் அவர் சொன்ன கடைசி வார்த்தை இதுதான்.

நாயை 'அவர்' என்கிறாரே என்று புதிதாகப் படிப்பவர்கள் கேட்கலாம். அந்தக் கணக்கை வீட்டுக்குள் கொண்டுவந்தவன் மகன் கமலக்கண்ணன். தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி செய்யும் தொழில். பெட்டிக்கு நீளம், அகலம், உயரம் பெருக்கிப் பெருக்கிப் பழகியவன். நாய்க்கு ஒரு வருஷம் என்றால் மனிதனுக்கு ஏழு வருஷம் என்று யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து, முசேவையும் ஒரு நாள் பெருக்கிவிட்டான்.

முசே வந்தது புயலடித்த அன்றைக்கு. அந்தக் கதையைக் கோவிந்தசாமி சொல்லாத விருந்தாளி கிடையாது. வெளியே காற்று ஊளையிடுகிறது, கரண்ட் இல்லை, வாசல் இரும்புக் கேட்டுக்கு அடியில் நாலு விரற்கடைச் சந்து. அதில் மூக்கை விட்டு, தலையை விட்டு, ஈர எலி மாதிரி ஒரு குட்டி உள்ளே புகுந்து அவர் காலடியில் வந்து நிற்கிறது. கஞ்சி ஊற்றினால் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ரொட்டியைப் பிய்த்துப் போட்டதும் வாலை ஆட்டித் தின்றது. கஞ்சி வேண்டாம், ரொட்டிதான் வேண்டும் என்றால் அது பிரெஞ்சுக்காரனாகத்தானே இருக்க வேண்டும்? பிரெஞ்சில் 'ஐயா' என்று அர்த்தம் வருகிற மாதிரி, முசே என்று பெயர் வைத்துவிட்டார்.

"தானே புயலு அது. பேய்க்காத்து," என்று கதையை முடிப்பார்.

தானே புயல் வந்து பதினாலு வருஷம். ஏழால் பெருக்கினால் தொண்ணூற்றெட்டு. அன்றிலிருந்து வீட்டில் முசேவுக்குத்தான் முதல் மரியாதை. ஈஸி சேருக்குப் பக்கத்து மிதியடி அவருக்கு. மீன் தலை அவருக்கு. 'நான் இந்த வீட்ல ரெண்டாவது பெரியவன்' என்று கோவிந்தசாமி பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

இது வரைக்கும் பழைய கதை. இனி இந்தச் செவ்வாய்க்கிழமை.

காலையில் கோவிந்தசாமியின் மனைவி தனக்கொடி பாலில் நனைத்த ரொட்டியை முசேவின் தட்டில் வைத்தாள். முசே முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நேற்று ராத்திரியும் இதே கதைதான். தட்டு அப்படியே இருந்தது. வாயோரம் எச்சில் ஒழுகியது. பூனை மதில்மேல் நடந்து போனது. முசே பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டது.

"ரொட்டியவே வேணாங்குதே," என்றாள் தனக்கொடி. "வயசாயிடுச்சு இல்ல. நேரம் வந்துடுச்சோ இன்னாவோ."

கோவிந்தசாமி மிதியடிக்குப் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் முசேவின் தலையைத் தடவினார். அவருடைய காபி ஆறிப்போய் ஆடை படிந்தது. சுமலதா மாமனாரை எத்தனையோ கோபத்தில் பார்த்திருக்கிறாள். பயந்து பார்த்தது இன்றுதான்.

அவளுக்கும் பயம்தான். முசே போய்விட்டால் வியாழக்கிழமையும் அதோடு போய்விடும். 'பாத்தியா, வயசான காலத்துல அவ்ளோதான்' என்று இவர் ஈஸி சேரில் சாய்ந்துவிடுவார். அப்புறம் யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார்.

"மாமா, கெளம்புங்க. உப்பளத்துல ஒரு நாய் டாக்டரம்மா இருக்காங்களாம். எங்க கடைக்கு வர்ற அம்மா சொன்னாங்க. முசேவக் காட்டிட்டு வந்துடலாம்."

"தொண்ணூத்தெட்டு வயசுல இன்னாத்தக் காட்டறது?"

"சும்மா காட்டறது. ஒரு டானிக் எழுதித் தரமாட்டாங்களா?"

டானிக் என்றதும் எழுந்தார். கத்தியில்லாத வைத்தியம் எதற்கும் கோவிந்தசாமி விரோதி அல்ல.

கணவனுக்கு ஒரு வார்த்தை சொல்லலாம் என்று சுமலதா போன் செய்தாள். பின்னால் மெஷின் சத்தம். "நீயே பாத்துக்கோ சுமா, லோடு ஏத்திக்கிட்டிருக்கேன்," என்றான் கமலக்கண்ணன். இந்த வீட்டில் பெருக்கல் அவன் பொறுப்பு, பாக்கியெல்லாம் அவள் பொறுப்பு.

தனக்கொடி சிலிண்டர்காரன் வருவான் என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். வீடு இருக்கும் மூலக்குளத்தில் ஏறிய ஆட்டோ இந்திரா காந்தி சிலை சிக்னலில் வழக்கம்போல மாட்டிக்கொண்டு, மூச்சுத் திணறி, ஒருவழியாக உப்பளம் போய்ச் சேர்ந்தது. முசே மாமனார் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தது. பொங்கல் கழிந்த வாரத்து வெயில், உறைக்கவில்லை.

ஒரு தெருவில் திரும்பும்போது கோவிந்தசாமி வெளியே கை காட்டினார்.

"தோ, அந்தப் பச்சக் கதவு. அதான் நாங்க வாடகைக்கு இருந்த வூடு. நீ பாத்ததில்லையே. தானே புயல்ல இங்கதான் கெடந்தோம். ஒரு வாரம் கரண்ட் இல்ல."

சுமலதா எட்டிப் பார்த்தாள். ஒட்டினாற்போல் வரிசை வீடுகள். கதவைத் திறந்தால் நேரே தெரு. சரி என்று தலையாட்டினாள். அவள் கவனமெல்லாம் முசேவின் எச்சிலைத் துடைப்பதில் இருந்தது.

டாக்டர் செந்தமிழ்ச்செல்வி ஒடிசலான பெண்மணி. ஆனால் முசேவை ஒரே தூக்கில் மேஜைமேல் ஏற்றிவிட்டார். உதட்டை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். முசே வலியில் முனகியது. கோவிந்தசாமியும் கூடவே முனகினார்.

"கடவாப் பல்லு சொத்த. வேரு வரைக்கும் சீழ் புடிச்சிருக்கு. அதான் சாப்பிட முடியல. பசி இருக்கு, பாவம், கடிக்க முடியல."

"டானிக் எதுனா…" என்று ஆரம்பித்தார் கோவிந்தசாமி.

"பல்ல எடுக்கணும் சார். மயக்க மருந்து குடுத்து, ஈறக் கொஞ்சம் கீறி எடுத்து, தையல் போடணும். நேத்துலேர்ந்து சாப்பிடலன்னு சொல்றீங்க, வெறும் வயிறு, அதுவும் நல்லதுதான். ரத்தம் மட்டும் பாத்துட்டு இப்பவே பண்ணிடலாம்."

சுமலதாவுக்கு உள்ளே பளிச்சென்று ஒன்று தெரிந்தது. மயக்க மருந்து. கீறல். தையல். முசேவுக்குக் கத்தி. அவள் மாமனார் பக்கம் திரும்பவே இல்லை. சுவரில் மாட்டியிருந்த உண்ணிப் படத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்தாள்.

கோவிந்தசாமிக்கும் தெரியாமல் இல்லை. குரல் உயர்ந்தது.

"மயக்க மருந்தா? வேணாம்மா. தாங்க மாட்டாரு. அவருக்கு வயசு இன்னா தெரியுமா? தொண்ணூத்தெட்டு."

டாக்டர் டார்ச்சை அணைத்தார். "யாருக்கு?"

"முசேவுக்குத்தான். பதினாலு ஆவுது. ஏழால பெருக்கிக்கோங்க."

"மொதல்ல அந்த ஏழ வுடுங்க சார்," என்றார் டாக்டர், கையுறையைக் கழற்றியபடியே. இந்த ஏழு கணக்கை அவர் தினமும் விரட்டுகிறார் போலிருந்தது. "ஊருல எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. ஒரு வயசு நாய் குட்டி போடுது. ஏழு வயசு மனுசப் புள்ள குடும்பம் நடத்துமா?"

கோவிந்தசாமி கொஞ்சம் யோசித்தார். கிராமத்தில் மாடு கன்று பார்த்து வளர்ந்தவர் அவர். "அதுவும் சரிதான். கன்னுக்குட்டி பொறந்தன்னிக்கே எழுந்து நிக்குது. நம்ம புள்ளைங்க ஒரு வருஷம் தவழுதுங்க."

"அதேதான். நாய்க்கு மொத வருஷத்துலயே பதினஞ்சு வயசு ஏறிடும். ரெண்டாவது வருஷம் ஒரு ஒம்போது. ஆக, ரெண்டு வயசு நாய் கல்யாணம் பண்ணி வெக்கிற வயசு. அப்பறம் வேகம் கொறஞ்சுடும். வருஷத்துக்கு நாலு, அஞ்சுன்னு போவும். அதுவும் ஒடம்பப் பொறுத்து. பெரிய சாதி நாய்ங்க சீக்கிரம் கெழடு தட்டிடும், சின்னதுங்க ரொம்ப நாள் இருக்கும். ஒங்க முசே நடுவாந்தரம்."

"அப்ப பதினாலுக்கு எவ்ளோ வருது?" என்று கேட்டாள் சுமலதா.

"எழுவத்தஞ்சு, எம்பது பக்கம் வரும். ஆனா நீங்க சொல்றதுதான் எனக்கு இடிக்குது." டாக்டர் முசேவின் கண்ணைத் திறந்து டார்ச் அடித்தார். "பதினாலு வயசு நாயோட கண்ணு இதவிட மங்கியிருக்கும். மத்தப் பல்லெல்லாம் பாருங்க, கெட்டியா இருக்கு. முதுகுல சதை எறங்கல. எனக்கென்னவோ பத்துக்கு மேல தோணல."

"என் நாய்க்கு வயசு எனக்குத் தெரியாதா?" கோவிந்தசாமிக்கு முகம் சிவந்தது. "தானே புயலுமா. கேட்டுக்கு அடியில புகுந்து வந்தாரு. நானே கண்ணால பாத்தேன்."

கேட்டுக்கு அடியில்.

சுமலதா உண்ணிப் படத்திலிருந்து திரும்பினாள். பச்சைக் கதவு அவள் கண் முன்னால் வந்து நின்றது. திறந்தால் நேரே தெரு.

"மாமா," என்றாள் மெதுவாக. "உப்பளத்து வூட்ல கேட்டு எங்க இருந்துது?"

அவர் முசேவின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தானே புயல்ல உப்பளத்துலதான் இருந்தோம்னு இப்பத்தான் ஆட்டோல சொன்னீங்க. கேட்டு இருக்கறது மூலக்குளத்து வூட்ல. அந்த வூடு அதுக்கப்பறம்தானே கட்டினீங்க?"

"அது… காத்துல… இருட்டு…" என்றார் கோவிந்தசாமி. அந்தக் கதையை அவர் இத்தனை வருஷமாக எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். ஒருவரும் கேட்டை எண்ணிப் பார்த்ததில்லை.

சுமலதா மாமியாருக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அத்தை, முசே என்னிக்கி வந்துது?"

"தீபாவளிக்கு மொத நாளு," என்றாள் தனக்கொடி, யோசிக்காமல். "பெருமழ. காத்து. கடலூருல வெள்ளம்னு டிவியில போட்டானே, அந்த வருஷம். அதிரச மாவு பெசஞ்சு வெச்சிருந்தேன், வந்ததும் வராததுமா அதுல வாய வெச்சுது. மாவு பூராவும் கொட்டினேன், மறக்குமா?"

"தானே புயல் இல்லையா அது?"

"தானேக்கு ஏதுமா தீபாவளி? அது மார்கழி. இது பேரு இல்லாத புயலு. பேரு வெக்காம வந்துட்டுப் போனதால ஒங்க மாமா அதத் தூக்கித் தானேயில சேத்துட்டாரு. நான் எத்தினியோ வாட்டி சொல்லிட்டேன். அவரு கத சொல்லும்போது குறுக்க பேசினா கேப்பாரா?"

புதுச்சேரிக்காரர்கள் வயதையும் கல்யாணத்தையும் புயலை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். தானேக்கு முன்னாடி, நிவருக்குப் பின்னாடி, ஃபெஞ்சலப்போ என்பார்கள். பெயருள்ள புயலில் நடந்ததெல்லாம் பத்திரமாக இருக்கும். பெயரில்லாமல் வந்த ஒன்று பாவம், எங்கே ஒட்டுவது என்று தெரியாமல், பெரிய புயலின் கணக்கில் சேர்ந்துகொண்டது.

"கடலூரு வெள்ளத்துக்குப் பத்து வருஷம் ஆச்சு. அப்ப பத்து வயசு," என்றார் டாக்டர். "மனுசக் கணக்குல அறுவது பக்கம். இந்த வயசுல மயக்க மருந்து ஒரு பயமும் இல்ல சார்."

கோவிந்தசாமி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முசேவைப் பார்த்தார். முசே அவரைப் பார்த்தது.

"என்னவிடப் பத்து வயசு சின்னவனாடா நீ?" என்றார். "இத்தினி வருஷமா மீன் தலைய ஒனக்குக் குடுத்துட்டு ஒக்காந்திருக்கேன்."

சுமலதா சிரித்துவிட்டாள். டாக்டரும் கோவிந்தசாமியும் சிரித்தார்கள். போனில் தனக்கொடி சிரிப்பதும் கேட்டது. சிரித்து முடித்து, வைக்கப் போகும் நேரத்தில் தனக்கொடி இன்னொன்றும் சொன்னாள்.

"சுமா, தானே புயலன்னிக்கி நம்ம வாசலுக்கு வந்தது நாயில்ல. யாருன்னு அவரையே கேளு."

போன் வைத்துவிட்ட சத்தம். கோவிந்தசாமியின் சிரிப்பும் அங்கேயே நின்றது. சுமலதா கேட்கவில்லை. கேட்க வேண்டிய நேரம் எது, வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய நேரம் எது என்பது தெரிந்த பெண் அவள்.

ரத்தப் பரிசோதனை நன்றாகவே வந்தது. முசேவை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். கதவு மூடுவதற்குள் அது ஒரு தடவை திரும்பிப் பார்த்தது.

வெளியே பெஞ்சில் மாமனாரும் மருமகளும். பக்கத்தில் ஒரு கூடைக்குள்ளிருந்து பூனை ஒன்று முறைத்துக்கொண்டிருந்தது. முசேவுக்கு மட்டும் தெரிந்திருந்தால் மயக்க மருந்தையும் மீறி எழுந்து வந்திருக்கும்.

கோவிந்தசாமி வேட்டி நுனியைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

"மயக்க மருந்து குடுத்தா கனவு வருமா?"

"தெரியல மாமா."

"கண்ண மூடறது நம்ம கையில இருக்குது. தொறக்கறது?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஜில்லென்று இருந்தது.

"எனக்கு வயசு ஒரு சாக்குமா," என்றார் அவர், கதவையே பார்த்துக்கொண்டு. "பயமா இருக்குது. அதான் விஷயம். ஒங்கிட்டச் சொல்றதுக்கு இன்னா. ஒங்க அத்தைகிட்டச் சொன்னா தெருவுக்கே சொல்லிடுவா."

இந்த மூன்று மாதமாகச் சுமலதா அவரோடு எத்தனை வாதாடியிருக்கிறாள். டாக்டர் சொன்னது, பக்கத்து வீட்டுக்காரர் பிழைத்தது, இன்சூரன்ஸ் என்று எல்லாம் பேசினாள். பயமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்கவில்லை. அவரைப் பிடிவாதக்காரர் என்று நினைத்ததற்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"சொல்ல மாட்டேன் மாமா," என்றாள்.

கதவு திறந்தது. டாக்டர் ஒரு சின்னக் கிண்ணத்தை நீட்டினார். அதில் பழுப்பேறிய கடவாய்ப்பல். "முடிஞ்சுது. எழுந்துக்கிட்டிருக்கான். வாங்க."

அதற்குள் 'அவர்' 'அவன்' ஆகியிருந்தார் என்பதைக் கவனிக்கவும். வயசு குறைந்தால் மரியாதையும் குறையத்தானே செய்யும்.

முசே தரையில் விரிப்பின்மேல் படுத்திருந்தது. கண் திறந்திருந்தது, பார்வை இன்னும் வந்து சேரவில்லை. கோவிந்தசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். "முசே," என்றார். வால் நுனி அசைந்தது. அப்புறம் வால் முழுவதும். எழுந்து நின்றது, நாலு காலும் நாலு பக்கம் போயின, சுவரில் முட்டிக்கொண்டது. சுவரைப் பார்த்து ஒரு குரை குரைத்தது. நேரே எடை பார்க்கும் மெஷினிடம் தள்ளாடிப் போய், காலைத் தூக்கி, நிம்மதியாக நனைத்தது.

"எல்லாம் சரியா வேல செய்யுது," என்றார் டாக்டர்.

கோவிந்தசாமி சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார், அப்புறம் அது சிரிப்பு மட்டும்தானா என்று சுமலதாவுக்குச் சந்தேகமாகிவிட்டது. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"வியாழக்கெழம எத்தினி மணிக்கு வெறும் வயித்தோட வரச் சொன்னாங்க?"

சுமலதா குனிந்து முசேவின் வாயோர எச்சிலைத் துடைத்தாள்.

"காலையில ஏழு மணிக்கு மாமா."

"மறுபடியும் ஏழா," என்றார் அவர்.

திரும்பும் ஆட்டோ அந்தத் தெருவுக்கு வந்ததும், "கொஞ்சம் நிறுத்துப்பா," என்றார். இறங்கிப் பச்சைக் கதவுக்கு எதிரே போய் நின்றார். சுமலதா முசேவைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின்னால் போனாள். உள்ளே யாரோ மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தானே அன்னிக்கி இந்த வாசல்ல வந்து நின்னது சிகாமணி," என்றார்.

தெய்வசிகாமணி. கோவிந்தசாமியின் கூடப்பிறந்த தம்பி. அந்தப் பெயர் இந்த வீட்டில் வராது. கல்யாணமாகி வந்த புதிதில் சுமலதா ஒரு தடவை கேட்டுவிட்டு, மூன்று முகங்கள் ஒரே நேரத்தில் இறுகியதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"அவன் பொண்ணு மஞ்சத்தண்ணிப் பத்திரிகையில, மாமன் பேரு மேல, என் பேரு கீழ. அவ்ளோதான் சண்ட. இப்ப சொன்னா எனக்கே சிரிப்பு வருது. அப்ப வரல. பேச்ச நிறுத்திட்டேன். புயலடிச்சு ஓஞ்ச மத்தியானம், ரோடெல்லாம் மரம் வுழுந்து கெடக்குது, ஊருலேர்ந்து நடந்தே வந்துருக்கான். கையில பால் தூக்கு. அண்ணன் எப்பிடி இருக்கான்னு பாக்கணும்னு. நான் உள்ள ஒக்காந்துகினு, 'நான் இல்லன்னு சொல்லு'ன்னேன். அவனுக்குக் கேக்கற மாதிரிதான் சொன்னேன்."

மிக்ஸி நின்றது.

"நாலு வருஷம் கழிச்சு மூலக்குளத்துல அதே மாதிரி காத்துல ஒரு நாய்க்குட்டி வந்து நின்னுது. அத வுட்டுட முடியல. தூக்கி வெச்சுக்கினேன். அப்பறம் சொல்லச் சொல்ல, தானே அன்னிக்கி வந்தது நாய்தான்னு ஆயிடுச்சு. எனக்கும் அதான் சௌகரியமா இருந்துது."

சுமலதாவின் தோளில் முசே மூச்சு விட்டது. வாயிலிருந்து மருந்து வாடை வந்தது.

"வியாழக்கெழம வர்றேன். ஒரே ஒரு கண்டிஷன்," என்றார் கோவிந்தசாமி. "இவன் கண்ண மூடினப்ப நான் வெளிய ஒக்காந்திருந்தேன். எனக்கு அவன் ஒக்காந்திருக்கணும்."

"நாங்க இருக்கமாட்டமா மாமா?"

"நீங்க இருப்பீங்க. அது எனக்குத் தெரியுமே. அவன் இருக்கணும்."

"நம்பர் இருக்கா?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை. சுமலதா மாமியாரைக் கூப்பிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள். தனக்கொடி பத்து எண்ணையும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். எங்கேயும் எட்டிப் பார்க்கவில்லை, தேடவில்லை.

"அத்தை, மனப்பாடமா வெச்சிருக்கீங்க?"

"அன்னிக்கிப் பால வாங்கிக்கிட்டேன்மா," என்றாள் தனக்கொடி. "புயல்ல பாலுக்கு எங்க போறது. வாங்கினதுக்கு அப்பறம் பொங்கலு தீபாவளிக்கு ஒரு வார்த்த பேசாம இருக்க முடியுமா?"

கோவிந்தசாமி போனைப் பார்த்துத் திட்ட வாயெடுத்தார். என்ன தோன்றியதோ, விட்டுவிட்டார்.

சுமலதா எண்ணைப் போட்டு ஸ்பீக்கரை அழுத்தி அவர் கையில் கொடுத்தாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டான் என்று அவர் கையை இறக்கப் போகும் நேரத்தில், அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

முதலில் வந்தது மனிதக் குரல் அல்ல. ஒரு நாய் பலமாகக் குரைத்தது. தோளில் தூங்கிக்கொண்டிருந்த முசே ஒரு காதை நிமிர்த்தியது.

"யாருங்க?" என்றது ஓர் ஆண் குரல். கோவிந்தசாமியின் குரலையே கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்தது போல இருந்தது அது.

சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது. பத்திரிகை, பால் தூக்கு, வியாழக்கிழமை. எல்லாம் தொண்டைக்கு வந்து ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன.

"சிகாமணி," என்றார் கோவிந்தசாமி. "நாய் வளக்கறியா? அதுக்கு இன்னா வயசாவுது?"

அந்தப் பக்கம் நாய் குரைப்பது நின்றது. யாரோ அதன் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். பதில் வரவில்லை. ஆனால் போனை வைக்கவும் இல்லை. யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பச்சைக் கதவுக்கு எதிரே, வெயிலில், கோவிந்தசாமி காத்துக்கொண்டு நின்றார்.